பிள்ளையின் காலடிக்கு எத்தனை தூரம்?



உங்கள் இல்லத்தில் எட்டு அல்லது பத்து வயதுப் பிள்ளை இருக்கிறதா? ஒரு தாளையும் பென்சிலையும் கையில் கொடுத்து, "வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் உள்ள வழியை வரைந்து காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். நாள்தோறும் நடந்து செல்லும் பிள்ளையாயின் வேப்பமரம், மளிகைக் கடை, நாய் படுத்திருக்கும் திண்ணை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரையக்கூடும். வாகனத்தில் ஏறி வாகனத்திலேயே இறங்கும் பிள்ளையோ, ஒரு வீட்டையும் ஒரு பள்ளிக்கூடத்தையும் வரைந்து, இடையே ஒரு கோட்டை இழுத்து நிறுத்திவிடலாம். அந்தக் கோட்டுக்குள் மறைந்து போனது என்ன என்பதே இம்மாதம் நாம் சிந்திக்க வேண்டிய செய்தியாகும்.

பிள்ளைகளும் குடும்பங்களும் தாம் வாழும் இடத்தை எவ்வாறு உணர்கின்றனர், எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதை ஆராய்வதற்கென்றே ஒரு கல்வித்துறை இன்று வளர்ந்துள்ளது. 'குழந்தைகளின் புவியியல்' என்பது அதன் பெயர். 2003-ஆம் ஆண்டு முதல் அப்பெயரிலேயே ஓர் ஆய்விதழும் வெளிவருகிறது. மலையையும் கடலையும் அளக்கும் புவியியல், சிறு பிள்ளையின் காலடியை ஏன் அளக்க வேண்டும் என்று நீங்கள் வினவலாம். அதற்கான விடையை மூன்று நாடுகளில் நடந்த ஆய்வுகள் தருகின்றன.

முதலாவது அமெரிக்காவில் நடந்தது. ரோஜர் ஹார்ட் என்னும் ஆய்வாளர் 1970-களின் தொடக்கத்தில் வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி, அங்கிருந்த 86 பிள்ளைகளின் நடமாட்டத்தை ஆராய்ந்தார். பிள்ளைகளை வகுப்பறையில் அமர்த்தி அவர் வினாக்கள் கேட்கவில்லை. "உங்களுக்கு விருப்பமான இடங்களுக்கு என்னை அழைத்துச் செல்லுங்கள்" என்று கூறி, அவர்கள் பின்னே நடந்தார். எந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் தனியே செல்கிறது, எதுவரை செல்லப் பெற்றோர் அனுமதிக்கின்றனர் என்பதை வரைபடத்தில் குறித்தார்.

பெரியவர்கள் பொருட்படுத்தாத மூலைகளே பிள்ளைகளுக்குப் பெருஞ்செல்வமாக இருந்ததை அவர் கண்டார். ஆற்றங்கரை, மரத்தடி மணல், புதருக்குள் கட்டிய சிறு மறைவிடம் ஆகியவற்றிற்கு அவர்களே பெயரிட்டிருந்தனர். வயது ஏற ஏற எல்லையும் சிறிது சிறிதாக விரிந்தது. ஆயினும் ஆண் பிள்ளைகளுக்குக் கிடைத்த தூரம் பெண் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. அச்சமும் வீட்டு வேலைகளும் சிறுமியரை வாசலருகே நிறுத்தின. இவையனைத்தும் 1979-இல் 'பிள்ளைகளின் இட அனுபவம்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாயின.

இதன் பிற்பகுதியே நெஞ்சைத் தொடுவது. சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஹார்ட் அதே ஊருக்குத் திரும்பினார். அன்று அவரை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்ற பிள்ளைகளுள் சிலர் இப்போது பெற்றோராகியிருந்தனர். தாம் ஓடித் திரிந்த நாட்களை அவர்கள் மகிழ்வுடன் நினைவுகூர்ந்தனர். தம் பிள்ளைகளையோ வீட்டு எல்லைக்குள்ளேயே வைத்திருந்தனர். அந்த ஊரில் குற்றங்கள் பெருகிவிடவில்லை. பெருகியிருந்தது பெற்றோரின் அச்சமே.

அச்சம் எல்லாம் வீண் என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. இரண்டாவது ஆய்வு அதனைத் தெளிவாக்குகிறது. இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்பாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1971-இலும் 1990-இலும் பெற்ற விவரங்களை ஒப்பிட்டனர். ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுள் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றோர் 1971-இல் 80 விழுக்காட்டினர். 1990-இல் அவர்கள் வெறும் 9 விழுக்காடாகக் குறைந்துவிட்டனர். பத்தொன்பது ஆண்டுகளில் இத்துணைப் பெரிய மாற்றம்!

அதே காலத்தில் சாலை விபத்துகளில் மாண்ட பிள்ளைகளின் தொகையும் குறைந்தது. சாலைகள் பாதுகாப்பாகிவிட்டன என்று அதிகாரிகள் மகிழ்ந்தனர். ஹில்மன் குழுவினரோ அதனை மறுத்தனர். சாலைகளின் ஆபத்து நீங்கவில்லை. பிள்ளைகளே சாலையை விட்டு நீக்கப்பட்டனர் என்று அவர்கள் எடுத்துரைத்தனர். பெற்றோரைக் கேட்டபோது, அவர்கள் கூறிய முதன்மையான காரணமும் போக்குவரத்தின் ஆபத்தே. வாகனம் பெருகியதால் பிள்ளையின் நடை நின்றது. நடை நின்றதால் பிள்ளையைக் கொண்டுவிட மேலும் ஒரு வாகனம் சாலைக்கு வந்தது. தத்தம் பிள்ளையைக் காக்க முனைந்த பெற்றோரே, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சாலையை மேலும் அச்சத்திற்குரியதாக்கினர். யார் மீதும் பழி சுமத்த இயலாத இச்சுழல் எத்துணைக் கொடியது!

அப்படியாயின், கட்டுப்பாடின்றி எங்கும் சென்று வரும் பிள்ளையே நற்பேறு பெற்ற பிள்ளை எனலாமா? அவ்வாறும் சொல்லிவிட இயலாது. மூன்றாவது ஆய்வு அதற்குச் சான்று.

சிண்டி காட்ஸ் என்னும் புவியியல் அறிஞர் 1981-இல் சூடான் நாட்டு முஸ்லிம் சிற்றூர் ஒன்றில் தங்கினார். ஊர் மக்களின் நலன் கருதி, அதற்கு 'ஹோவா' என்று புனைபெயர் இட்டார். பத்து வயதுப் பிள்ளைகள் அங்கே ஆடு மேய்த்தனர், களை பறித்தனர், தண்ணீர் சுமந்தனர், விறகு தேடினர். பருவமெய்தாத சிறுமியரும் உம்மாவுக்காகக் கடைக்கும் கிணற்றுக்கும் ஊரெங்கும் சென்று வந்தனர். மண்ணில் சிறு வயல்களையும் வாய்க்கால்களையும் வீடுகளையும் அமைத்து விளையாடச் சொன்னபோது, ஊரின் வேளாண்மை முழுவதையும் அவர்கள் நடித்தே காட்டினர். எந்தச் செடி உணவுக்காகும், எந்தப் புல் ஆட்டுக்காகும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எனினும் 1971-இல் வந்த அரசின் பாசன வேளாண்மைத் திட்டம் அவ்வூரை மாற்றியிருந்தது. சோளமும் எள்ளும் விளைந்த நிலத்தில் பருத்தியும் நிலக்கடலையும் பயிராயின. மரங்கள் அழிந்தமையால், பிள்ளைகள் விறகுக்காக முன்னிலும் நெடுந்தூரம் நடக்க நேர்ந்தது. வேலை கூடியதால் பலர் பள்ளிக்கூடம் செல்ல இயலவில்லை. வளர்ந்து ஆளாகும்போது அவர்களுக்கெல்லாம் நிலம் கிடைக்கும் என்னும் உறுதியும் இல்லை. கற்ற தொழிலுக்கு நிலமில்லை. புதிய தொழிலுக்குக் கல்வியில்லை. அங்கே பிள்ளையின் காலடித் தூரம் நீண்டது உண்மையே. ஆனால் அதை நீளச் செய்தது வறுமை.

ஆகவே வாசகர்களே, தூரம் நீளமா, குறுகலா என்பது மட்டும் அன்று வினா. அத்தூரத்தைப் பிள்ளை விரும்பி நடக்கிறதா, வேறு வழியின்றி நடக்கிறதா என்பதும் வினாவே. வெர்மான்ட் பிள்ளையிடமிருந்து ஆற்றங்கரையைப் பறித்தது அச்சம். ஆங்கிலேயப் பிள்ளையிடமிருந்து சாலையைப் பறித்தது வாகனம். ஹோவாவின் பிள்ளையிடமிருந்து பள்ளிக்கூடத்தைப் பறித்தது ஓயாத உழைப்பு. மூன்றிலும் முடிவெடுத்தோர் பெரியவர்கள், இழந்தோர் சிறியவர்கள்.

நம் இல்லங்களில் நாம் செய்யத்தக்கவை சில உண்டு. வாரத்தில் ஒரு நாளேனும் வாகனத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளையுடன் நடந்து செல்லுங்கள். அன்று வழிகாட்டும் பொறுப்பைப் பிள்ளையிடமே விடுங்கள். எங்கே சாலையைக் கடக்க வேண்டும், இடர் நேர்ந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று அதையே சொல்லச் செய்யுங்கள். தனியே அனுப்ப மனம் இடம் தராவிடில், ஒரே தெருவின் பிள்ளைகள் நால்வர் சேர்ந்து மத்ரஸாவுக்கோ கடைக்கோ செல்லட்டும்; பெற்றோரில் ஒருவர் முறை வைத்துச் சற்றுப் பின்னே வரட்டும். பள்ளிக்கூட வாசலில் வேகத்தடையும் நடைபாதையும் வேண்டுமென நகராட்சியிடமோ ஊராட்சியிடமோ பெற்றோர் பலராகச் சேர்ந்து மனுக்கொடுங்கள். ஒரு குடும்பம் தனித்து நின்று அச்சத்தை வெல்வது அரிது. ஒரு தெருவே சேர்ந்தால் எளிது.

மகளையும் மகனையும் பெற்ற வாப்பா, உம்மாமார் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இருவரையும் தனித்தனியே வரையச் சொல்லுங்கள். மகனின் தாளில் பத்துத் தெருவும் மகளின் தாளில் ஒரு வாசலும் மட்டுமே இருப்பின், அந்த வேறுபாடு பாதுகாப்பின் பொருட்டு நேர்ந்ததா, பழக்கத்தின் பொருட்டு நேர்ந்ததா என்று நெஞ்சில் கைவைத்துச் சிந்தியுங்கள். ஊரை அறியாமல் வளரும் மகள், நாளை மேற்படிப்புக்கோ மருத்துவமனைக்கோ செல்லும் அவசரத்தில் யாரிடம் வழி கேட்பாள்?

பிள்ளைக்கு வீடு கட்டித் தருகிறோம்; அதற்காக ஆண்டுக்கணக்கில் உழைக்கிறோம். அவ்வீட்டின் வாசலுக்கு வெளியே இருக்கும் ஊரும் அப்பிள்ளைக்கு உரியதே. அதனையும் சேர்த்துக் கொடுத்துச் செல்வது நம் கடமையன்றோ!