திரையில் நெளியும் புழு

தேர்தல் களத்தில் நிற்கும் தலைவர்கள் எதிரெதிரே நின்று வாதிடுகின்றனர். திரையின் அடியில் ஒரு கோடு ஏறியும் இறங்கியும் ஊர்ந்துகொண்டிருக்கிறது. எங்கோ ஓர் அரங்கில் அமர்ந்திருக்கும் சிலர் கையிலுள்ள குமிழைத் திருகத் திருக, அதற்கேற்ப அது நெளிகிறது. ஆஸ்திரேலியர் அதற்குப் புழு என்றே பெயரிட்டுவிட்டனர். பொருத்தமான பெயர்தான்.

இதன் மூதாதை 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பிறந்தது. வியன்னாவிலிருந்து குடிபெயர்ந்த சமூகவியல் அறிஞர் பால் லாசர்ஸ்பெல்டும், சிபிஎஸ் வானொலி நிறுவனத்தின் பிராங்க் ஸ்டான்டனும் அதனை ஆக்கினர். நேயர் ஒரு கையில் பச்சைப் பொத்தானும் மறு கையில் சிவப்புப் பொத்தானுமாக அமர்ந்து நிகழ்ச்சியைக் கேட்பார். பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு. இரண்டையும் அழுத்தாதிருந்தால், அவருக்கு அது ஒரு பொருட்டில்லை. சீராக நகரும் காகிதச் சுருளில் எழுதுமுனைகள் நொடிக்கு நொடி அதைப் பதிந்துகொண்டே செல்லும்.

சுருள் நின்ற பிறகே உண்மையான வேலை தொடங்கிற்று. 1941 நவம்பரில் இச்சோதனையைக் காண வந்த சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன், அதைத் தொடர்ந்த நேர்காணலில் குறை கண்டார். வினவுவோர் தம்மையறியாமலே விடையை நேயர் வாயில் ஊட்டுவதாக அவருக்குப் பட்டது. அப்படியாயின் அடுத்த குழுவை நீரே வினவும் என்று லாசர்ஸ்பெல்ட் அவரை உள்ளே அனுப்பிவிட்டார். இவ்விடத்தில் சிவப்பை அழுத்தினீரே, அப்போது உம் மனத்தில் என்ன ஓடிற்று? இவ்வினாவைப் பற்றிக்கொண்டு ஓர் ஆய்வு நெறியே வளர்ந்தது.

லாசர்ஸ்பெல்டின் வானொலி ஆய்வுத் திட்டத்தில் பணியாற்றிய மெய்யியலாளர் தியோடர் அடோர்னோ, பண்பாட்டை அளக்கப் புகுவதையே ஏற்கவில்லை. அவ்வளவு தொலைவு செல்ல நாம் ஒருப்படோம். தன் படைப்பு கேட்போரைச் சென்றடைகிறதா என அறிய விழைவது குற்றமாகாது. ஆய்வாளர் மேசையில் கிடக்க வேண்டிய சுருளை, மனத்தில் என்ன ஓடிற்று என்ற வினாவைக் கழித்துவிட்டு, வாக்காளர் கண்முன் விரித்ததே குற்றம்.

2010இல் பிரித்தானியத் தேர்தல் விவாதத்தை நேரலையில் 150 பேருக்குக் காட்டி புழு வாக்காளரை அசைக்குமா என்று ஆய்வாளர் சிலர் சோதித்தனர். முடிவு செய்யாத வாக்காளரின் சராசரிக் கருத்து என்று சொல்லித் திரையில் ஓடவிட்ட புழு, உண்மையில் அவர்களே இயக்கிய பொய்ப்புழு. அது ஒரு குழுவுக்குக் கோர்டன் பிரௌன் பக்கமும், மறு குழுவுக்கு நிக் கிளெக் பக்கமும் சாய்ந்தது. வென்றவர் யார் என்ற தீர்ப்பு புழுவின் பின்னே சென்றது. எவர் பிரதமராக வேண்டும் என்ற விருப்பமும் அதற்கேற்ப அசைந்தது. காது கேட்டது ஒன்றே. கண் கண்டதுதான் வேறு.

தடையால் இது தீராது. 2007இல் ஆஸ்திரேலியத் தலைவர்கள் ஜான் ஹோவர்டும் கெவின் ரட்டும் வாதிட்டபோது, சேனல் நைன் தொலைக்காட்சி புழுவைக் காட்டியதற்காகத் தேசியப் பத்திரிகையாளர் மன்றம் அந்நிறுவனத்துக்கான ஒளிபரப்பு இணைப்பை இடையிலேயே துண்டித்தது. அந்நிறுவனம் வேறோர் இணைப்பைப் பிடித்துக்கொண்டு ஒளிபரப்பைத் தொடர்ந்தது. புழுவுக்குக் கிட்டிய விளம்பரமே மிச்சம்.

நாம் கோருவது எளியது. விவாதம் முடியும்வரை கோடு திரைக்கு வரலாகாது. அதன்பின் வெளியிடுவோர், குமிழ் திருகியவர் எத்தனை பேர், அவர்களைத் தெரிந்தெடுத்தவர் எவர் என்பதைக் கோட்டின் அருகிலேயே அச்சிட வேண்டும். ஏன் திருகினீர் என்று கேட்டிருந்தால், அவர்கள் சொன்ன விடைகளையும் சேர்த்தே வெளியிட வேண்டும். கேட்கவில்லையெனில், கேட்கவில்லை என்றேனும் எழுத வேண்டும்.