'குழுவினர்' என்பது யாருடைய பெயர்?

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெயினருவிக்குப் போகிற கடைவீதியில் சின்னையா சட்டென்று நின்றுவிட்டார். சிப்ஸ் கடை ஒலிபெருக்கியில் முப்பிடாதி அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குரல் புதுசு. கீபோர்டு புதுசு. அடியில் ஓடிய பம்பை மட்டும் பழசு.

"ஏலே, இது நான் அடிச்சதுல்லா?" என்றார்.

1998இல் தென்காசிப் பக்கத்துக் கொடைப் பாட்டுக் கேசட் ஒன்றுக்கு அவரும் இன்னும் மூன்று பேரும் ஒரு ராத்திரி முழுக்க வாசித்தார்கள். ஆளுக்கு நூற்றைம்பது ரூபாயும் புரோட்டாவும் கொடுத்தார்கள். கேசட் அட்டையில் பாடியவர் பெயர் இருந்தது, தயாரித்தவர் பெயர் இருந்தது, தயாரித்தவருடைய தகப்பனார் படம்கூட இருந்தது. வாசித்த நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சொல்: 'குழுவினர்'. இப்போது அதே பாட்டை வேறு குரலில் மறுபதிவு செய்து, பழைய மேளத்தை அப்படியே உருவி அடியில் போட்டிருக்கிறார்கள். செல்போனில் தேடிப் பார்த்தேன். இந்த முறை 'குழுவினர்' என்ற சொல்கூட இல்லை.

தயாரித்தவரிடம் போய்க் கேட்டேன். "பேரைப் போட்டு என்ன தம்பி ஆவப்போவுது? சாமி காரியம்லா" என்றார். அந்தச் சாமி காரியத்தில் அவர் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

நான் வங்கியில் எழுத்தர். வந்த பணத்தை உரியவர் பெயரில் வரவு வைப்பது என் வேலை. யாருடையது என்று தெரியாமல் வந்த பணத்தை 'சஸ்பென்ஸ்' கணக்கில் போட்டு வைப்போம். அது தற்காலிகம்தான். தேடிக் கண்டுபிடித்து உரியவர் கணக்குக்கு மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் தணிக்கைக்காரர் வந்து உலுக்கிவிடுவார். பத்து வருடம் யாரும் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். அப்போதும் பெயர் போகாது. பட்டியலை வங்கி வெளியிட வேண்டும், வாரிசு வந்து கேட்டால் கொடுக்க வேண்டும். செத்தவர் விட்டுப்போன நானூறு ரூபாய்க்கு இந்த நாட்டில் இருக்கிற மரியாதை, உயிரோடு இருக்கிறவர் அடித்த அடிக்கு இல்லை. 'குழுவினர்' என்பது தமிழ் இசையின் சஸ்பென்ஸ் கணக்கு. அதைத் தணிக்கை செய்ய இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

'எல்லார் பெயரையும் போட இடமேது?' என்பார்கள். சரி, சபா மேடைக்குப் போவோம். கர்நாடகக் கச்சேரியில் பாடகர் பெயரோடு வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று ஒவ்வொருவர் பெயரும் அழைப்பிதழில் வரும், இசைத்தட்டு உறையில் வரும். வானொலியில் ஊர் பெயரோடு சொல்லுவார்கள். அங்கே அவர்களுக்குப் 'பக்கவாத்தியம்' என்று மரியாதையான பெயர். அதே வானொலி வில்லுப்பாட்டுக்கும் நையாண்டி மேளத்துக்கும் வந்ததும் 'இன்னார் குழுவினர்' என்று முடித்துக்கொள்ளும். குடம் தட்டியவர், உடுக்கை அடித்தவர், பின்பாட்டுப் பாடியவர், பம்பைக்காரர் எல்லாரும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் நசுங்கிக் கிடப்பார்கள். அங்கே நாலு பெயருக்கு இருக்கிற இடம் இங்கே ஏன் இல்லை? இடமில்லை என்பது பொய். எவருக்கு முகம் உண்டு, எவர் வெறும் கூட்டம் என்பதைச் சாதி முன்பே முடிவு செய்துவிட்டது.

அந்தச் சபாவுக்குள்ளேயும் ஒரு சேரி உண்டு. மிருதங்க வித்வான் பெயர் எல்லாருக்கும் தெரியும். மாட்டுத் தோலை ஊறவைத்து, இழுத்துக் கட்டி, அந்த நாதத்தை உண்டாக்கிய தலித் கிறிஸ்தவத் தொழிலாளி பெயர் யாருக்குத் தெரியும்? அவர்களுடைய வரலாற்றை 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று டி.எம். கிருஷ்ணா 2020இல் புத்தகமாக்கினார். அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. தோல் வேண்டும், தோல்காரர் கதை வேண்டாம்.

நம்மூரில் இது இன்னும் பழைய கதை. தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர். குற்றாலக் குறவஞ்சி பாடியதற்காக மதுரை நாயக்க மன்னர் அவருக்கு நிலம் மானியம் கொடுத்ததாக இலக்கிய வரலாறு சொல்கிறது. குறவஞ்சி மேடு என்று அதற்குப் பெயர். கவிராயர் பெரிய கவி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குறி சொல்கிற முறையும், மலைவளம் சொல்கிற வாயும், கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிற தொழிலும் குறவர்களுடையது. பாட்டில் குறத்தி வந்தாள், மேட்டின் பெயரிலும் வந்தாள். பட்டாவில் வரவில்லை.

சட்டம் இருக்கிறதே என்று படித்த நண்பர்கள் சொல்வார்கள். இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 'நிகழ்த்துநர்' யார் என்று ஒரு பட்டியல் உண்டு. பாடகர், இசைக்கலைஞர் தொடங்கிப் பாம்பாட்டி வரை அதில் வருகிறார்கள். 2012 திருத்தம், நிகழ்த்தியவர் தன்னை இன்னார் என்று அடையாளப்படுத்தக் கோரும் உரிமையை 38-பி பிரிவில் கொடுத்தது. நல்லது. ஆனால் அதே திருத்தம் சினிமாவுக்கு ஒரு விதிவிலக்கையும் சொருகியது. ஒருவருடைய பங்கு சில்லறைப் பங்காக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் போடப்படாததாகவும் இருந்தால், அவர் நிகழ்த்துநரே அல்ல. அவர் வாசித்ததைத் திரித்துக் கெடுப்பதைத் தடுக்கிற உரிமை ஒன்று மட்டும் மிஞ்சும். பெயர் கேட்கிற உரிமை போயிற்று. பெயர் போடாமல் விட்ட வழக்கமே, பெயர் கேட்க முடியாமல் போவதற்குக் காரணமாகிறது! இவன் கோயிலுக்குள் வந்த வழக்கமில்லை, ஆகவே கோயிலில் இவனுக்குப் பாத்தியதை இல்லை என்றார்களே, அதே தர்க்கம்.

இன்னும் பாருங்கள். ஒலிப்பதிவின் மேல் கட்டாயம் என்னென்ன அச்சிட வேண்டும் என்று 52-ஏ பிரிவு சொல்கிறது. பதிவு செய்தவர் பெயர் முகவரி, உரிமையாளர் பெயர் முகவரி, முதலில் வெளியான ஆண்டு. அவ்வளவுதான். வாசித்தவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. பாட்டை வேறு ஆட்களை வைத்து மறுபதிவு செய்கிறவருக்கு 31-சி பிரிவு. ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான தொகையை உரிமையாளருக்குக் கட்ட வேண்டும், பழைய பதிவின் கலைஞர் பெயரையோ படத்தையோ போட்டு விற்கக் கூடாது. வாங்குகிறவர் ஏமாறக் கூடாது என்பது அதன் நியாயம். உரிமையாளருக்குப் பணம், வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு. முதலில் வாசித்தவருக்கு? அவரைப் பற்றி யோசிக்க அந்த அறையில் ஆளில்லை.

'எஞ்சாய் எஞ்சாமி' விவகாரத்தை நாம் கண்ணால் பார்த்தோம். 2021 மார்ச்சில் வந்த பாட்டு. எழுதியவர் அறிவு, பாடியவர்கள் தீயும் அறிவும், இசை சந்தோஷ் நாராயணன். அந்த ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. டிஜே ஸ்நேக் செய்த மறுகலவையின் விளம்பரத்திலும் அறிவு விடுபட்டார் என்று எதிர்ப்பு எழுந்தது. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். பிறகுதான் அறிவு, மெட்டும் சொல்லும் தன் உழைப்பு என்று எழுதினார். மெட்டு தன்னுடையது, வருமானம் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். மெட்டு யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. உலகமே கேட்ட பாட்டில், எழுத்தில் பெயர் உள்ள மூன்று பேரில் ஒருவரே இத்தனை எளிதாகப் படத்திலிருந்து விழ முடியும் என்றால், பெயரே எழுதப்படாத பம்பைக்காரர் கதி என்ன என்பதுதான் என் கேள்வி. அறிவு ஒன்று செய்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் பெயரைப் பாட்டுக்குள்ளேயே வைத்தார். அட்டையிலிருந்து உருவலாம், பாட்டுக்குள்ளிருந்து உருவ முடியாது.

இனி நம் பக்கம் வருவோம் தோழர்களே. மற்றவரைத் திட்டுவது சுலபம். ஏப்ரல் 14 கூட்டத்துக்காக நான் ஒரு பாட்டு எழுதினேன். அதை ஸ்டுடியோவில் மறுபடி பதிந்து எல்லாருக்கும் அனுப்பினோம். 'பாடல்' என்று போட்டு என் பெயர் இருந்தது. பறையும் உருமியும் அடித்த நாலு பேருக்கு என்ன போட்டோம் தெரியுமா? 'இசை: தோழர்கள்'. முதலாளி 'குழுவினர்' என்றான், நான் 'தோழர்கள்' என்றேன். சொல்தான் சிவப்பு. கணக்கு அதே சஸ்பென்ஸ் கணக்கு. அந்தப் பாட்டின் பாதிச் சொற்கள் எங்கள் ஆத்தா எழவு வீடுகளில் அழுத ஒப்பாரியிலிருந்து நான் எடுத்தவை. அவள் பெயரையும் நான் போடவில்லை.

நம்மிலேயே ஒரு சாரார் கேட்பார்கள்: 'பறையே நம்மீது சுமத்தப்பட்ட இழிவு. விட்டொழிக்க வேண்டிய தொழிலுக்குப் பெயர்ப்பலகை எதற்கு?' 90களில் நம் இயக்கங்கள் ராத்திரி ராத்திரியாகப் பேசிய கேள்வி இது. அலட்சியமாகத் தள்ளிவிட மாட்டேன். ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று குச்சியைக் கீழே போட்டு உதை வாங்கிய பெரியவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. ஆனால் 'அடிக்க மாட்டேன்' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், 'அடித்தது நான்' என்று சொல்லவும் ஒரு ஆள் வேண்டும். இரண்டும் ஒரே உரிமை. ஊழியத்துக்குப் பெயர் தேவையில்லை, 'ஏய்' போதும். கலைக்குப் பெயர் வேண்டும். பெயரை மறுப்பவன் நம் கலையைத் திரும்பவும் ஊழியமாக்குகிறான்.

'பெயர் சோறு போடுமா?' என்பார்கள். போடும். நல வாரியத்துக்கு மனுக் கொடுக்கிறபோது 'நீ கலைஞன்தானா?' என்று கேட்டால் நீட்ட ஒரு சான்று அது. உரிமைத் தொகை என்று ஒரு பேச்சு வந்தால் அது தொடங்குகிற இடமும் அந்தப் பெயர்தான்.

ஆகவே, நம் கையில் இருப்பதை முதலில் செய்வோம். பதிவு நடக்கிற அன்றே ஒரு நோட்டில் கருவி, வாசித்தவர் பெயர், ஊர், தேதி எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவோம். அதன் நகல் அவர் கையில் இருக்கட்டும். வெளியிடும்போது அந்தப் பெயர்கள் முழுசாக வரட்டும். பழைய பாட்டை மறுபதிவு செய்தால் 'முதல் பதிவில் வாசித்தவர்கள்' என்று தனி வரி போடுவோம். தெரியாவிட்டால் ஊருக்குப் போய்க் கேட்போம். இதை நம் மேடைகளில் செய்துவிட்டு, பிறகு கம்பெனிக்காரனின் சட்டையைப் பிடிப்போம்.

இவ்வளவும் எழுதிவிட்டு உன் சின்னையா பெயரை ஏன் எழுதவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எழுதத்தான் போனேன். அவர்தான் தடுத்தார்.

"உன் பொஸ்தகத்துல எனக்கு எதுக்குல? அந்தப் பாட்டுல போடச் சொல்லு."