மஞ்சள் கறுப்பும் ஒரு விளம்பரப் பலகையும்

டோர்ட்முண்ட் ரசிகனுக்கு நெஞ்சு இரும்பாய் இருக்கவேண்டும். 2023 மே 27ஐ நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. சொந்த மைதானத்தில் மைன்ஸை வென்றால் கிண்ணம் எமக்கு. ஹலர் அடித்த தண்டனை உதையைக் காப்பாளர் தடுத்துவிட்டார். ஆட்டம் 2-2. கேள்னில் 89ஆவது நிமிடத்தில் முசியாலா போட்ட கோலோடு, கோல் வித்தியாசத்தில் பயேர்ண் தட்டிக்கொண்டு போனது. 2024 யூன் 1இல் வெம்பிளியில் றியல் மட்றிட்டிடம் 2-0. முதற்பாதியில் விளையாடியது நாங்கள், பிறகு கோல் போட்டது அவர்கள்! 2025இல் பதினோராம் இடத்தில் கிடந்த அணியைக் கோவச் வந்து நாலாமிடத்துக்கு ஏற்றினார். இதெல்லாம் விளையாட்டு, ஆறிவிடும்.

ஆறாதது வேறொன்று. வெம்பிளிக்கு மூன்று நாள் முன்னர், ஆயுதம் செய்யும் றைன்மெற்றலோடு கழகம் மூன்று வருட விளம்பர ஒப்பந்தம் அறிவித்தது. பாதுகாப்பு ஜனநாயகத்தின் அத்திவாரம் என்று அப்போதைய நிர்வாகி வற்ஸ்க விளக்கம் சொன்னார். உக்ரேனில் யுத்தம் நடக்கையில் அதில் நியாயமே இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஷெல் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடிய எங்களுக்கு, அந்தப் பெயரைப் பலகையில் கண்டால் பந்தில் கண் நிற்காது. அவ்வருடம் நவம்பரில் கூடிய அங்கத்தவர்களில் பெரும்பான்மையோரும் எதிர்த்தே வாக்களித்தனர். அந்த வாக்கு நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தாதாம்.

"அவை என்ன செய்யிறவை அப்பா?" என்று மகன் கேட்டான்.

"டாங்கி."

"அப்ப ஏன் எங்கட மைதானத்தில?"