மூங்கில் தரை போடுமுன் கடைக்காரரிடம் கேளுங்கள்

2023 மே மாதம் டெல்லியில் திறக்கப்பட்ட புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்குத் தரைப்பலகை திரிபுராவில் இருந்து வந்தது. தேக்கு அல்ல, மூங்கில். பெங்களூரு விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்திலும் அண்ணாந்து பார்த்தால் மூங்கில்தான். கூடைக்கும் சாரத்துக்கும் மட்டுமே உரியதென்று ஒதுக்கப்பட்ட புல்லுக்கு இது நியாயமாகச் சேரவேண்டிய மரியாதை.

ஆம், மூங்கில் புல்தான். தேக்கு முற்றப் பல பத்தாண்டுகள் ஆகும். மூங்கில் கழி நான்கைந்து ஆண்டுகளில் முற்றிவிடும். முற்றியதை மட்டும் வெட்டினால் தூர் அப்படியே இருந்து மழைக்காலத்தில் புதுக் குருத்து விடும். 1927ஆம் ஆண்டு வனச் சட்டமோ இதை மரமென்றே வைத்திருந்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை அந்தப் பட்டியலில் இருந்து நீக்க 2017 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆனால் 'பசுமை வீடு' என்ற விளம்பரத்தோடு கடைக்கு வரும் பலகை, தோப்பில் நின்ற மூங்கில் அல்ல. கழியைப் பட்டைகளாகக் கீறி, மாவுச்சத்து போக வேகவைத்து, உலர்த்தி, பசையிட்டு அழுத்துகிறார்கள். மாவுச்சத்து தங்கிவிட்டால் வண்டு துளைத்துவிடும். தேன் நிறம் வேண்டுமென்றால் நீராவியில் கருக்குகிறார்கள். அதில் பலகையின் கடினம் சற்றுக் குறையும். நாராகச் சிதைத்து, பிசினோடு பேரழுத்தத்தில் இறுக்கிய வகைதான் மிகக் கடினமானது, ஓக் மரத்தையும் மிஞ்சும். ஆனால் அதில் பிசினும் கூடுதல்.

கவலையே இந்தப் பிசின்தான். மலிவான பசைகளில் இருந்து ஃபார்மால்டிஹைடு வாயு மெல்லக் கசியும். அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது. ஜன்னலை அடைத்து ஏ.சி. ஓடும் படுக்கையறையில், குழந்தை தவழும் தரையில் இதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது. கசிவின் அளவைக் குறிக்கும் 'இ1', 'இ0' தரச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பது வாங்குபவரின் உரிமை. காட்டத் தயங்கும் கடையில் வாங்கவே வேண்டாம்.

அடுத்த கேள்வி, எந்த ஊர் மூங்கில்? உலகச் சந்தையில் முன்னிற்பது சீனாவின் மோசோ மூங்கில். இந்தியாவிலோ திரிபுராவில் தரைப்பலகை தயாராகிறது. கேரள மாநில மூங்கில் கழகமும் கோழிக்கோடு அருகே நல்லளத்தில் இதற்கென ஆலை அமைத்தது. தமிழ்நாட்டு விவசாயிகளும் மூங்கில் வளர்க்கும்போது, கடல் தாண்டி வரும் பலகையை யோசிக்காமல் பசுமைக் கணக்கில் எழுதுவது சரியல்ல. உள்ளூர் மூங்கிலைப் பலகையாக்கும் ஆலைகளுக்கு மாநில அரசு கைகொடுக்க வேண்டும்.

நம் வீட்டுப் பழக்கமும் முக்கியம். வெள்ளிக்கிழமைதோறும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீட்டுக்கு மூங்கில் தரை ஒத்துவராது. ஈரம் ஏறினால் பலகை உப்பி வளையும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் காற்றிலேயே ஈரம் அதிகம். அடியில் உள்ள சிமென்ட் தளம் முழுக்கக் காய்ந்த பிறகே பதிக்க வேண்டும். படுக்கையறைக்கும் படிப்பறைக்கும் மூங்கில் அருமை. சமையலறைக்கும் முற்றத்துக்கும், சூளையில் சுடாமல் வெயிலில் உலர்த்திச் செய்யும் ஆத்தங்குடிக் கல்லே போதும்.