பெயர் ஒன்று, சுவிட்சு வேறு

பாலக்காட்டுப் பகுதியிலும் இடுக்கி மலைப்பகுதியிலும் வாழும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றின் வாயிலில் பழைய மோட்டார் வண்டி ஒன்று நிற்பதைக் காண்கிறோம். பொங்கலுக்கும் குலதெய்வ வழிபாட்டிற்கும் குடும்பத்தோடு ஊர் சென்று மீள அதுவே துணை. அவ்வண்டிகளில் பழுதானால் புதியது எளிதிற் கிட்டாத உறுப்பொன்றைப் பற்றி இத்திங்கள் எழுதக் கருதினோம். ஸ்டியரிங் சக்கரத்தின் கீழ் இருபுறமும் நீண்டிருக்கும் கைப்பிடிச் சுவிட்சே அது. பட்டறைக்காரர் 'காம்பினேஷன் சுவிட்சு' என்பர்.

பழைய அம்பாசடரில் முன்விளக்கைத் தாழ்த்தும் டிப் சுவிட்சு ஓட்டுநரின் இடக்காலடியில், தரையிலே இருந்தது. பின்வந்த வண்டிகளில் விளக்கு, டிப், இண்டிகேட்டர், வைப்பர் யாவும் ஸ்டியரிங் தண்டிற்கு ஏறிவிட்டன. வசதிதான், ஐயமில்லை. ஆயினும் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், மூடுபனி இரவில், அச்சுவிட்சு கைவிட்டு இருவிளக்கும் அணையுமாயின், பின்னிருக்கையில் உறங்கும் குழந்தைகளின் கதி என்ன?

இதனாலேயே நம்மவர் பழைய உறுப்புக் கடைகளை நாடுகின்றனர். பாலக்காட்டார்க்கு வாளையாறு தாண்டினால் கோவை உக்கடம். இடுக்கியார்க்குத் தேனியும் மதுரையும். சென்னை செல்வோர்க்குப் புதுப்பேட்டை. அங்கே வண்டியின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பதுதான் பலரும் செய்வது. மாருதி 800 என்ற பெயர் 1983 முதல் 2014 வரை வழங்கிற்று. 1986-இலேயே அதன் உருவம் மாறிற்று, பெயர் மாறவில்லை. ஒரே பெயருடைய இரண்டு ஊர்களுக்குப் பார்சல் பதிகையில் நாம் நிலையக் குறியீட்டைப் பார்ப்பது போல, இங்கும் பெயருக்கு அப்பாற் பார்த்தாக வேண்டும்.

கழற்றிய பழைய சுவிட்சைக் கையோடு கொண்டு செல்லுக. அதிற் பொறித்த எண்ணை ஒப்பிடுக. பிளக்கின் வடிவமும் பின்களின் எண்ணிக்கையும் ஒத்திருந்தால் மட்டும் போதாது. கம்பி நிறங்கள் அதே வரிசையில் உள்ளனவா என்றும் நோக்குக. 'கம்பியை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்' என்று கடைக்காரர் சொன்னால் வாங்காமல் திரும்புவதே நலம். ஜப்பானிய வழிவந்த வண்டிகள் பலவற்றில் இண்டிகேட்டர் வலக்கைப் பக்கமும், ஐரோப்பிய வழிவந்தவற்றில் இடக்கைப் பக்கமும் அமைந்திருப்பதால் ஒன்று மற்றொன்றிற்கு உதவாது. பிளாஸ்டிக் பழுத்திருந்தாலும், பின்னருகே கருகல் தெரிந்தாலும் அதனை ஒதுக்குக. கடையிலேயே ஒரு மீட்டரை வைத்து ஒவ்வொரு நிலையிலும் தொடர்பு கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுக. நாணயமான கடைக்காரர் மறுக்கமாட்டார். பற்றுச்சீட்டும் கேட்டுப் பெறுக. திருட்டு வண்டியின் உறுப்பென்று பின்னர் வழக்கெழுந்தால் நாம் காட்டுவதற்கு வேறென்ன இருக்கிறது?

நிற்க. பழைய சுவிட்சு ஏன் கருகிற்று என்று வினவாமல் வேறொன்றை மாட்டுவதிற் பயனில்லை. பழைய சிறு வண்டிகள் பலவற்றில் முன்விளக்கின் மின்சாரம் முழுவதும் சுவிட்சின் வழியேதான் பாய்கிறது. 60 வாட் பல்பு இரண்டிற்கு 12 வோல்டில் 10 ஆம்பியர். மலைப்பாதைக்கு வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்புகளைப் பொருத்தினால் அது ஏறத்தாழ 17 ஆம்பியராகிறது. பத்தைத் தாங்கவே செய்யப்பட்ட தொடர்பு உருகுகிறது. எதிரே வருவோர் கண்ணும் கூசுகிறது. உரிய பல்பையே மாட்டி, விளக்கிற்கு ரிலே ஒன்று வைப்பித்தால் சுவிட்சின் வழியே மிகச் சிறிதளவு மின்சாரமே செல்லும். வாங்கிய பழைய சுவிட்சும் நெடுநாள் உழைக்கும்.

காற்றுப்பை உள்ள வண்டியாயின் இவ்வேலையை வீட்டு முற்றத்தில் தொடங்கலாகாது. 2019 ஜூலை முதல் நம் நாட்டில் விற்கும் புதிய கார்களில் ஓட்டுநர் காற்றுப்பை கட்டாயமாயிற்று. அதன் கம்பிச்சுருள் இச்சுவிட்சை ஒட்டியே அமைகிறது. பாட்டரியைக் கழற்றிச் சிறிது நேரம் கழித்தே, அறிந்தவர் கைவைக்க வேண்டும். அச்சுருளைப் பழையதாக வாங்கவே கூடாது.

பொருத்தியபின் ஹாரன் ஒலிக்கிறதா, சக்கரம் நேராகும்போது இண்டிகேட்டர் தானே திரும்புகிறதா என்று பார்த்து, இரவில் ஒரு சுவரெதிரே வண்டியை நிறுத்தி டிப்பைப் பத்து முறை மாற்றிப் பாருங்கள். மலையேறுவது அதன் பிறகு.