எர்த் பின்னைப் பிடுங்கும் வித்வான்கள்

பேஸ் கிடாரில் கொர்ர்ர் என்று ஒரு இரைச்சல் வந்தால் போதும், புதுச்சேரியில் ஆளுக்கொரு தீர்ப்பு ரெடியாக இருக்கும். ஒருத்தர் "பெடல் டப்பா மச்சான், வேற வாங்கிடு" என்பார். இன்னொருத்தர் "நாய்ஸ் கேட் போடுடா, அமுங்கிடும்" என்பார். சட்டைப் பையில் டெஸ்டர் வைத்திருக்கும் சவுண்ட் சர்வீஸ் அண்ணன் மட்டும் அலட்டிக்கொள்ளாமல் வந்து, "அந்த எர்த் பின்னைப் பிடுங்கி விடு தம்பி, சத்தம் போயிடும்" என்பார்.

மூன்றும் தப்பு. முதலாவது காசைத் தின்னும். இரண்டாவது பாட்டைத் தின்னும். மூன்றாவது ஆளையே தின்னும். கொடுமை என்னவென்றால், மூன்றில் பல நேரம் உடனே பலன் தருவது அந்தக் கடைசித் தீர்ப்புதான். அதனால்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

தேங்காய்த்திட்டில் மொட்டைமாடி ரூமில் பிராக்டிஸ் பண்ணும் ஒரு காலேஜ் பையனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கையில் நாலு கம்பி பேஸ், செகண்ட் ஹேண்டில் வாங்கிய மல்ட்டி எஃபெக்ட்ஸ், ஒரு சின்ன ஆம்ப். அதே ஸ்விட்ச் போர்டில் சோக் வைத்த பழைய டியூப் லைட், எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் போட்ட ஃபேன். கரண்ட் போனால் இன்வெர்ட்டர். ரெக்கார்டிங்குக்கு ஒரு லேப்டாப். ஜன்னலைத் திறந்தால் மீன்பிடித் துறைமுகத்திலிருந்தும் அரியாங்குப்பம் ஆற்றுக் கழிமுகத்திலிருந்தும் உப்புக்காற்று. இதில் இரைச்சல் கிளப்பக்கூடிய சமாச்சாரம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் திட்டு விழுவது என்னவோ அந்தப் பெடலுக்கு மட்டும்!

முதலில் அந்த "ம்ம்ம்" என்பது என்ன? இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150 எல்லாமும் சேர்ந்து ஆடியோ வயருக்குள் நுழைவதுதான் ஹம். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். இணையத்தில் கொட்டிக் கிடக்கும் கிடார் அட்வைஸ் பாதிக்கு மேல் அங்கிருந்து வருவது. அதைப் படித்துவிட்டு இங்கே 60 ஹெர்ட்ஸை வெட்டினால் இரைச்சல் அப்படியே இருக்கும். சரி, 50 ஹெர்ட்ஸை வெட்டலாமா? அங்கேதான் பேஸ்காரனின் தலைவிதி. பேஸின் ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் இருக்கும் ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். ஹம்மை வெட்டினால் ஜி-யும் சேர்ந்து போய்விடும். லீட் கிடார்காரனுக்கு இந்தக் கவலை கிடையாது, அவனுடைய கிடார் 82 ஹெர்ட்ஸில்தான் ஆரம்பிக்கிறது. ஆகவே பேஸில் ஹம்மை ஃபில்டர் போட்டுத் துடைக்க முடியாது. வருகிற இடத்திலேயே நிறுத்தியாக வேண்டும்.

வருகிற இடத்தைக் கண்டுபிடிக்கப் பத்து பைசா செலவில்லை. பேஸின் வால்யூமை முழுசாகக் குறைக்கவும். இரைச்சல் போய்விட்டால் அது பிக்கப்பில் நுழைகிறது. டியூப் லைட்டை அணைத்து, ஃபேனை நிறுத்தி, இரண்டடி தள்ளி, திரும்பி நின்று பார்க்கவும். ஜாஸ் பேஸ் மாதிரி இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் உள்ளதென்றால் இரண்டையும் ஒரே அளவில் திறக்கவும். பெரும்பாலான செட்களில் ஒன்றின் ஹம்மை மற்றொன்று அடித்துவிடும். வால்யூமைக் குறைத்தும் இரைச்சல் போகவில்லையா? பெடலைக் கழற்றிவிட்டு பேஸை நேராக ஆம்ப்பில் செருகவும். அப்போதும் இருந்தால் பெடல் நிரபராதி. கழற்றியதும் போய்விட்டால், பெடலை அடாப்டர் இல்லாமல் பேட்டரியில் ஓட்டிப் பார்க்கவும். பேட்டரியில் சுத்தமாக இருந்தால் குற்றவாளி அடாப்டர். ஒரே அடாப்டரிலிருந்து வரிசையாக நாலு பெடலுக்குக் கரண்ட் கொடுப்பவர்கள் அந்த வரிசையைப் பிரித்தும் பார்க்கவேண்டும். லேப்டாப்பில் யூஎஸ்பி மாட்டியிருந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கவும். "ங்ங்ஈஈ" என்ற கொசுச் சத்தம் நின்றால் விடை கிடைத்துவிட்டது. கரண்ட் போனபோது மட்டும் கர்ர் என்றால், அது சைன் வேவ் கொடுக்காத மலிவு இன்வெர்ட்டரின் வேலை. வயரை ஆட்டினால் மட்டும் கரகரப்பு வந்தால், உப்புக்காற்றில் பாசி பிடித்த ஜாக். காண்டாக்ட் கிளீனர் அடித்து நாலு முறை செருகி எடுத்தால் தீரும்.

இவ்வளவுதான். கால் மணி நேரம். இதைச் செய்யாமல் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதுப் பெட்டி வாங்கி, அதையும் அதே போர்டில் மாட்டி, அதே இரைச்சலைப் புது மாடலில் கேட்டு மகிழ்பவர்களை என்ன சொல்ல?

பெடலே இரைச்சல் போடுவதில்லையா என்றால், போடும். ஆனால் பெரும்பாலும் ஓட்டுகிறவர் கைங்கர்யம். கம்ப்ரசரில் 20 டெசிபல் ஏற்றினால் உள்ளே இருக்கும் சின்ன இரைச்சல் பத்து மடங்காகும். அதற்குப் பின்னால் டிரைவில் இன்னொரு 20 என்றால் நூறு மடங்கு. ஹெட்ஃபோனில் கேட்டால் "ஆஹா" என்று சொல்லவைக்கத் தயாரித்த ஃபேக்டரி பேட்ச்களில் கம்ப்ரசர், டிரைவ், ஆம்ப் சிமுலேஷன் எல்லாம் அடுக்கி வைத்திருக்கும். அதைக் கொண்டுபோய் நிஜ ஆம்ப்பில் மாட்டினால் ஆம்ப்புக்கு மேல் ஆம்ப். கத்தாமல் என்ன செய்யும்? இதற்குத்தான் நாய்ஸ் கேட் என்பார்கள். கேட் வாசிக்காதபோது கதவைச் சாத்தும், வாசிக்கும்போது திறக்கும். திறந்த கதவு வழியாக இரைச்சலும் சேர்ந்துதான் வரும். போதாக்குறைக்கு, நீட்டி நிறுத்தவேண்டிய ஸ்வரத்தின் வாலை நறுக்கும். மெலடிப் பாட்டில் பேஸ் ஸ்வரம் பாதியில் செத்தால் அந்த இடம் பள்ளமாகத் தெரியும். குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளுவதற்குப் பெயர் பெருக்குவது அல்ல.

அடுத்த பழி, "டிராக்கிங் சரியில்லை." ஆக்டேவர், சிந்த் எஃபெக்ட் போட்டால் ஸ்வரம் தாமதமாக வருகிறது, தடுமாறுகிறது, ஒரு ஆக்டேவ் மேலே தாவுகிறது என்ற புலம்பல். இதற்கும் "காஸ்ட்லி பெடல் வாங்கு" என்பதே பதில். ஒரு கணக்குப் போட்டாலே இந்தப் பதிலின் லட்சணம் தெரியும். பேஸின் கீழ் ஈ ஸ்வரம் 41.2 ஹெர்ட்ஸ். ஒரு அலை முழுசாக முடியவே 24 மில்லி செகண்ட் ஆகும். அஞ்சு கம்பி பேஸின் பி என்றால் 32. ஒரு அலையாவது முடிந்தால்தானே அது என்ன ஸ்வரம் என்று பெட்டியால் சொல்ல முடியும்? நிச்சயமாகச் சொல்ல இரண்டு அலை பார்க்கவேண்டும் என்றால் 50 மில்லி செகண்ட் போச்சு. கிடாரின் மேல் ஈ கம்பிக்கு ஒரு அலை வெறும் 3 மில்லி செகண்ட். கிடார்காரன் பெட்டி வேகமாகவும் பேஸ்காரன் பெட்டி சோம்பேறியாகவும் தெரிவதற்கு இதுதான் காரணம். விலையைக் கூட்டினால் கம்பி வேகமாக ஆடாது.

இந்தச் சுவரில் முட்டிப் பார்த்த கம்பெனிகள் உண்டு. அமெரிக்காவின் பீவி 1990களில் விற்ற மிடி பேஸில், விரல் எந்த ஃப்ரெட்டில் அழுத்துகிறது என்பதை ஃப்ரெட்டிலேயே மின்தொடர்பு வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஏன்? அலைக்காகக் காத்திருந்தால் நேரம் போதாது என்பதால். 1982-ல் வந்து பேஸ்காரர்கள் இன்றும் தேடி அலையும் பாஸ் கம்பெனியின் ஓசி-2 பெடல் வேறு வழி பிடித்தது. ஸ்வரம் என்ன என்று யோசிக்காது, அலைகளை எண்ணி இரண்டாக வகுக்கும், அவ்வளவுதான். இரண்டு கம்பி சேர்ந்து ஒலித்தால் அதற்கும் எண்ணிக்கை குழம்பும். கீழ் ஈ-க்கு ஒரு ஆக்டேவ் கீழே கேட்டால் 20.6 ஹெர்ட்ஸ். மனிதக் காது கேட்கும் எல்லையே கிட்டத்தட்ட அங்கே முடிகிறது. மேடை ஸ்பீக்கர் அதை எங்கே போடப்போகிறது? கேட்க முடியாத ஸ்வரம் சரியாக டிராக் ஆகவில்லை என்று சண்டை போடுவதை என்னவென்பது!

செய்யவேண்டியது எளிது. கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பைப் பயன்படுத்தி, டோனைக் குறைத்தால் மேல் ஒலிகள் அடங்கி அடிப்படை ஸ்வரம் தெளிவாகப் போகும். ஆக்டேவரை டிரைவ், கோரஸ், ரிவெர்ப் எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கவேண்டும். வாசிக்காத கம்பிகளை விரலால் அமுக்கி, ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம். ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு மேலே கையை ஏற்றினால் இன்னும் நல்லது. மல்ட்டி எஃபெக்ட்ஸ் பெட்டிகள் பரவுவதற்கு முன்பே, எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் எப்பேர்ப்பட்ட பேஸ் எல்லாம் வந்துவிட்டது. அதை வாசித்தது விரல்.

சரி, அந்த மூன்றாவது தீர்ப்புக்கு வரலாம். மற்றவை காசும் காதும் சம்பந்தப்பட்டவை. இது அப்படியில்லை.

எர்த் பின்னைப் பிடுங்கினால் ஹம் ஏன் நிற்கிறது? ஆம்ப் ஒரு பிளக்கில், மிக்ஸர் வேறு பிளக்கில். இரண்டு எர்த்துக்கும் நடுவே சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். பெடலிலிருந்து ஒரு வயர் ஆம்ப்புக்கும் ஒரு வயர் மிக்ஸருக்கும் போகும்போது அந்த வித்தியாசம் ஆடியோ வயரின் ஷீல்ட் வழியாக ஓடுகிறது. அதுதான் கிரவுண்ட் லூப். ஆம்ப்பின் எர்த்தை வெட்டினால் வட்டம் உடையும், சத்தம் நிற்கும், அண்ணன் ஜெயித்துவிடுவார்.

ஆனால் பேஸின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக, வயரின் ஷீல்ட் வழியாக, ஆம்ப்பின் இரும்பு உடம்போடு சேர்ந்திருக்கின்றன. எர்த் இல்லாத ஆம்ப்புக்குள் ஒரு ஃபேஸ் வயர் உரசி உடம்பைத் தொட்டால், கம்பியில் 230 வோல்ட். ஃபியூஸ் போகாது, ஏனென்றால் கரண்ட் போக வழியில்லை. பேஸ்காரன் ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பாட்டுக்காக மைக்கைத் தொட்டானென்றால் வழி கிடைத்துவிடும். கையிலிருந்து கைக்கு, நடுவில் நெஞ்சு. சில பத்து மில்லி ஆம்பியர் போதும், இதயம் தாளம் தப்ப. கோயில் திருவிழா மேடையில் செருப்பையும் கழற்றிவிட்டுத்தான் ஏறுகிறார்கள். மார்கழி ஈரத்தில் வெறுங்கால்.

கட்டுக்கதை அல்ல. 1972 மே 3-ல் வேல்ஸின் ஸ்வான்ஸீ நகர மேடையில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிடார்காரர் லெஸ் ஹார்வி மைக்கிலிருந்து கரண்ட் அடித்துச் செத்தார். வயது 27. 1974 செப்டம்பரில் டல்லாஸ் மேடையில் யூரியா ஹீப்பின் பேஸ்காரர் கேரி தெய்ன் கரண்ட் அடித்துப் பலத்த காயமடைந்தார். 1976 மே மாதம் யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப், சொந்த வீட்டில், சரியாக எர்த் செய்யாத கிடாரோடு செத்துப்போனார். மூவருமே புகழ்பெற்ற குழுக்களில் இருந்தவர்கள். புகழ் எர்த் ஆகாது.

"இத்தனை வருஷமா இப்படித்தான் பண்றோம், ஒண்ணும் ஆகலையே" என்பார் அண்ணன். ஆகாது, ஆகும் வரைக்கும். ஹெல்மெட் போடாதவரும் இதையேதான் சொல்கிறார்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குப் போலீஸின் சிவப்புத் தொப்பியை விட்டுப்போனார்கள், நேர்கோட்டுத் தெருக்களை விட்டுப்போனார்கள். 1982-ல் அவர்கள் நாட்டில் தொடங்கிய ஜூன் 21 இசை விழாவும் இங்கே வந்துவிட்டது. வராமல் போனது அவர்களுடைய பிளக் பாயிண்ட்! பிரான்ஸில் எர்த் பின் பிளக்கில் இல்லை, சுவரில் இருக்கும் சாக்கெட்டிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கிறது. அதைப் பிடுங்கவேண்டுமானால் சுவரோடு சண்டை போடவேண்டும். இங்கே பின் பிளக்கில் இருக்கிறது, கட்டிங் பிளேயர் அண்ணன் கையில் இருக்கிறது. மற்ற இரண்டையும்விட அது நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது அழகுக்கல்ல. முதலில் செருகி, கடைசியில் கழன்று, மற்ற இரண்டிலும் கரண்ட் இருக்கும்வரை காவல் நிற்பதற்காக.

ஹம்முக்குச் சரியான வைத்தியம் இருக்கும்போது கொலை வைத்தியம் எதற்கு? ஆம்ப், மிக்ஸர், பெடல் அடாப்டர் எல்லாவற்றையும் ஒரே பாயிண்டிலிருந்து எடுக்கலாம், லைட்டுகளுக்கு வேறு லைன் போடலாம். அது முடியாவிட்டால் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அது ஆடியோ வயரின் ஷீல்டை மட்டும் வெட்டும், ஆம்ப்பின் எர்த்தைத் தொடாது. வட்டமும் உடையும், ஆளும் பிழைப்பான். ஜெனரேட்டர் வைத்தால் அதற்கு எர்த் ராடு அடித்திருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். போர்டில் ஊரார் ஈஎல்சிபி என்று சொல்லும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் இருக்கவேண்டும். சீரியல் செட்டுக்கும் கட்-அவுட்டுக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் விழாக் கமிட்டி, ஒரு கம்பியை மண்ணில் அடிக்கக் காசில்லை என்றால் நம்புவதற்கில்லை. கேட்க ஆளில்லை, அதுதான் விஷயம்.

கேட்கவேண்டிய ஆள் கம்பியைத் தொடுகிற ஆள். அடுத்த முறை யாராவது கட்டிங் பிளேயரோடு பிளக் பக்கம் போனால், பேஸைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்துவிட்டு, "எர்த் போட்டுட்டுக் கூப்பிடுங்கண்ணே" என்று கீழே இறங்கிவிடுவதுதான் சரி. கச்சேரி அரை மணி தள்ளிப்போகும். போகட்டுமே.