அன்பளிப்புப் பிரதி

"புத்தகம் போட்டிருக்கிறீர்களாமே! நமக்கு ஒரு பிரதி கிடையாதா?" நூலாசிரியனைக் கண்டதும் நம்மவர் வாயிலிருந்து ஸலாமுக்கு அடுத்தபடியாக வரும் சொல் இதுவே. கேட்பவர் ஏழையல்லர், மகளின் நிக்காஹ் அழைப்பிதழுக்கு வழவழப்பான அட்டையும் பொன்னெழுத்தும் தேடியவர். ஒரு வாரத்தில் குப்பைக்குப் போகும் அழைப்பிதழுக்குக் கணக்குப் பாராதவர், தலைமுறைக்கும் நிற்கும் நூலை மட்டும் இலவசமாகக் கேட்கிறார். இவ்வழக்கத்தையே நாம் சாடுகிறோம்.

அரவைக் காலத்தில் முண்டியம்பாக்கத்துச் சாலையில் நின்றால், சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றிச் செல்லும் வண்டிகளைக் காணலாம். கரும்பு விளைவித்தவன் ஆலை கட்ட வேண்டியதில்லை. சர்க்கரையைத் தெருத்தெருவாக விற்க வேண்டியதுமில்லை. எடை போட்ட கரும்புக்கு விலை கேட்கும் உரிமை அவனுக்குண்டு. நாவலெழுதிச் சொந்தச் செலவில் வெளியிடுபவனோ உழவனாகவும், ஆலைக்காரனாகவும், சுமை தூக்கியாகவும், சில்லறை வியாபாரியாகவும் நிற்கிறான். விலை கேட்டால் மட்டும் "இலக்கியத்தை விற்கிறானே!" என்று பழிக்கிறோம்.

நாமும் அவ்வழி நடந்தவர்களே. பதினாறு பக்கம் ஒரு பாரமென்று கணக்கிட்டு, தாளுக்கும் அச்சுக்கும் கட்டுமானத்துக்கும் முன்பணம் கொடுத்து, ஐந்நூறு பிரதிகளை வீட்டில் கொணர்ந்து இறக்கினோம். கடைக்காரர் விலையில் மூன்றிலொரு பங்கைக் கழிவாகக் கேட்டார். மீதியை விற்றபின் தருவதாகச் சொன்னார். விற்றதா என்று கேட்கப் போய்வந்த பேருந்துக் கட்டணம் நூலின் விலையை மிஞ்சியது. நூற்றைம்பது பிரதிகள் அன்பளிப்பாகவே கரைந்தன. ஆயினும் திண்டிவனத்திலிருந்து, முன்பின் அறியாத ஒரு தாய், விலைக்கு வாங்கிப் படித்து, "எங்கள் வீட்டுக் கதை உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்றெழுதிய கடிதம் நம்மிடம் இன்றும் இருக்கிறது. அந்த ஒரு கடிதம் இல்லையேல் நாம் மீண்டும் பேனாவைத் தொட்டிருக்க மாட்டோம்.

"பதிப்பகத்தார் ஏற்காத சரக்கைத்தானே சொந்தமாக அச்சிடுகிறார்கள்?" என்று எள்ளுவோர் வரலாறு அறியாதோர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கிய கண்டி அறிஞர் சித்தி லெப்பை, தமிழ் நாவல் தவழத் தொடங்கிய 1885லேயே 'அஸன்பே சரித்திர'த்தைத் தந்தார். தொப்பில் முஹம்மது மீரான், 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்த 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை 1988இல் நூலாக்கியபோது தம் கைப்பொருளையே நம்பினார். அவர் பிழைப்புக்கு நடத்தியது மிளகாய் வணிகம். 1997இல் 'சாய்வு நாற்காலி'க்குச் சாகித்திய அகாதெமி விருது வந்ததும், "அவர் நம்மவர்" என்று மார்தட்டாதார் யார்? முதல் நூலை விலை கொடுத்து வாங்கியவர் அவர்களுள் எத்தனை பேர்?

எழுத்தாளரையும் நாம் விடப்போவதில்லை. பணம் நம்முடையது என்பதற்காகப் பிழையும் நம்முடையதாக இருக்கலாகாது. மெய்ப்புத் திருத்தாமலும், வேண்டாத அத்தியாயத்தை வெட்டச் சொல்லும் ஒரு நண்பரைத் தேடாமலும் அச்சகத்துக்கு ஓடுவது வாசகருக்கு இழைக்கும் அநீதி. ஐம்பது, நூறு பிரதிகள்கூட அச்சிட்டுத் தரும் வசதி இன்றுள்ளது. விற்குமளவுக்கு அச்சிடுங்கள், மனைவியின் வளையலை அடகுக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

வாசகக் குடும்பங்களே! நாம் கேட்பது தர்மமன்று, விலை. மஹல்லா நூலகங்கள் ஆண்டுக்குச் சில நாவல்களையேனும் பணம் கொடுத்து வாங்கட்டும். நிக்காஹ் வீட்டுக்குச் செல்வோர் பாத்திரத்தோடு ஒரு நூலையும் கொண்டு செல்லட்டும். நம் வீட்டுப் பெண்களின் கண்ணீரையும், நம் தெருக்களின் சிரிப்பையும், நம் பேச்சின் மணத்தையும் பிறர் வந்து எழுதித் தரமாட்டார்கள். எழுதுபவனின் கையிருப்பு தீர்ந்துபோனால், அவனோடு நம் கதையும் தீர்ந்துபோகும்.

அடுத்த முறை எழுத்தாளனைக் காணும்போது, ஸலாமுக்குப் பின், "விலை என்ன?" என்று கேளுங்கள்.